கதவைத் தட்டுபவர் யார்? தாதியருக்கு ஒரு பதிவேடு, சமூகப் பணியாளருக்கு?

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் எமது முன்னால் பழைய பொலித்தீன் பை ஒன்றைக் கொட்டிக் காட்டினார். கிளினிக் கொப்பி இரண்டு, முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதி, பெயர் மங்கிய விசிட்டிங் கார்டுகள் ஏழெட்டு. கணவர் 2009இல் காணாமற் போனார். அன்று தொட்டு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் விட்டுச் சென்றவைதான் அந்தக் கார்டுகள்.

"என்ர கதையை எத்தினை பேருக்குச் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது பிள்ளை. வந்தவை எல்லாரும் எழுதிக்கொண்டு போனவை. ஒராள் படமும் எடுத்தவ. பிறகு அந்தப் படம் ஒரு புத்தகத்தில வந்திருக்கெண்டு பெறாமகள் வந்து சொன்னா. நான் போடச் சொல்லேல்ல. ஆரிட்டப் போய்க் கேக்கிறது? அந்தப் பிள்ளை இப்ப வேற நிறுவனத்திலயாம், வேற மாவட்டத்திலயாம்."

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரியில மிஸி பிழையாக் கதைச்சா பெரிய மிஸியிட்டச் சொல்லலாம். இதை ஆரிட்டச் சொல்லுறது?"

இந்த ஒரு கேள்விக்குள் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. எமது உடலைத் தொடுகின்ற தாதிக்கு ஒரு சட்டம் உண்டு, ஒரு சபை உண்டு, ஒரு பதிவேடு உண்டு. எமது மனதையும் குடும்பத்தையும் எமது இரகசியங்களையும் தொடுகின்ற சமூகப் பணியாளருக்கு அவ்வாறான ஏற்பாடு பல நாடுகளில் மிகவும் பிந்தியே வந்தது. சில நாடுகளில் நெடுங்காலமாக வரவேயில்லை. இது ஏன் என்பதையும், இதனால் எமக்கு என்ன என்பதையும் இம்மாதம் பார்ப்போம்.

பதிவு என்றால் என்ன?

ஒருவர் தாதியாக வேலை செய்ய வேண்டுமாயின் உரிய பயிற்சியைப் பெற வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும். அதன் பின்னர் அவரது பெயர் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டு அவருக்கென ஓர் இலக்கம் வழங்கப்படுகிறது. இதுவே தொழிற்பதிவு. இதில் நான்கு விடயங்கள் அடங்கியுள்ளன. யார் இத்தொழிலுக்குள் வரலாம் என்பது முதலாவது. அவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுக்கக்கோவை இரண்டாவது. தொழிலில் இருக்கும் காலமெல்லாம் அவர் தொடர்ந்து கற்க வேண்டும் என்பது மூன்றாவது. தவறு செய்தால் விசாரித்து, தேவையாயின் பெயரையே வெட்டிவிடும் அதிகாரம் நான்காவது.

இந்த நான்காவதுதான் பொதுமக்களாகிய எமக்கு முக்கியமானது. ஒரு நிறுவனம் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் அவர் அடுத்த நிறுவனத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்டவர் அந்தத் தகுதியோடு எந்த நிறுவனத்திலும் சேர முடியாது. நிறுவனத்தின் தண்டனை அந்த நிறுவனத்தின் படலையோடு முடிந்துவிடும். பதிவேட்டின் தண்டனை ஆளோடு கூடவே செல்லும்.

தாதியரின் முப்பது வருடப் போராட்டம்

இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்தப் பதிவேட்டைத் தாதியர் இலகுவாகப் பெறவில்லை. இங்கிலாந்தில் எதல் பென்விக் என்ற தாதி 1887இல் பிரித்தானியத் தாதியர் சங்கத்தை ஆரம்பித்து, தாதியருக்கு அரச பதிவு வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். அவரை எதிர்த்தவர்களுள் புளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நல்ல தாதிக்கு வேண்டியது நல்ல குணம், அதைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவரது வாதம். பயிற்சி பெற்ற தாதிக்கும் பயிற்சி பெறாதவருக்கும் வித்தியாசம் தெரியாமல் நோயாளி ஏமாறுகிறார் என்பது பென்விக்கின் வாதம்.

இந்த இழுபறி முப்பது வருடங்களுக்கு மேல் நீடித்தது. மருத்துவிச்சிமாருக்கு 1902இலேயே சட்டம் வந்துவிட்டது. தாதியர் காத்திருந்தனர். இதற்கிடையில் முதலாம் உலகப்போர் வந்தது. குறுகிய காலப் பயிற்சியோடு ஆயிரக்கணக்கான பெண்கள் தொண்டர்களாகக் காயப்பட்ட படையினரைப் பராமரித்தனர். போர் முடிந்ததும் முழுப் பயிற்சி பெற்றவர் யார், தொண்டர் யார் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 1919இன் இறுதியில் தாதியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது. 1921இல் பதிவேடு திறக்கப்பட்டபோது அதில் முதலாம் இலக்கம் எதல் பென்விக்கினுடையதாக இருந்தது.

போர்தான் அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எமது மண்ணிலும் 2004 டிசெம்பர் சுனாமிக்குப் பின்னரும் 2009 மே மாதத்துக்குப் பின்னரும் இதே கேள்வி எழுந்தது. ஆனால் அது தாதியரைப் பற்றியதாக இருக்கவில்லை. மனதுக்கு ஆறுதல் சொல்லவும், விபரம் சேகரிக்கவும், உதவி பகிரவும் வந்தவர்களைப் பற்றியதாக இருந்தது.

இலங்கையில் தாதியர்

எமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைத் தாதியர் சபை உருவாக்கப்பட்டது. தாதியரைப் பதிவு செய்வதும் அவர்களது தொழில் ஒழுக்கத்தைப் பேணுவதும் அதன் பொறுப்புகளாகும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள தாதியர் கல்லூரிகளில் பயின்று வெளியேறும் எமது பிள்ளைகளும் இந்தப் பதிவின் கீழேயே வருகின்றனர்.

வீடு வீடாக வந்து கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கின்ற குடும்பநல உத்தியோகத்தரை நாம் எல்லோரும் அறிவோம். பழையவர்கள் இன்னும் மருத்துவிச்சி என்றே சொல்வார்கள். அவரும் பதிவு பெற்றவர்தான். ஆனால் தாதியர் சபையில் அல்ல, இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்யப்படுகிறார். ஆகவே சைக்கிளில் அல்லது ஸ்கூட்டரில் தனியே வந்து எமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கதைப்பவரையும் சட்டத்தின் மூலம் பதிவு செய்ய முடியும் என்பதற்கு எமது ஊரிலேயே உதாரணம் உண்டு.

சமூகப் பணியின் கதை

சமூகப் பணிக் கல்வி எமது நாட்டுக்குப் புதிதல்ல. 1952இலேயே கொழும்பில் சமூகப் பணிக்கான பயிற்சி நிறுவகம் ஆரம்பமாகிவிட்டது. அது வளர்ந்து 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆகியது. 2005இல் சமூகப் பணியில் பட்டப்படிப்பும் தொடங்கியது. கல்வி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. ஆனால் 1988இல் தாதியருக்குச் சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் சமூகப் பணியாளரைப் பதிவு செய்வதற்கு அதுபோன்ற ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. சமூகப் பணியாளர்களே தமது தொழிலுக்குப் பதிவு வேண்டும் என்று கேட்டு வந்துள்ளனர் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக வேலை செய்பவருக்குப் பதிவு பயம் தருவதில்லை.

அப்படியானால் இவர்களைக் கேட்க ஆளே இல்லையா? அரச சேவையில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோருக்கு மேலதிகாரி இருக்கிறார். அரச ஊழியருக்கான தாபனக் கோவை இருக்கிறது. தொண்டர் நிறுவனப் பணியாளருக்கு அந்த நிறுவனத்தின் விதிகள் மட்டுமே உண்டு. நல்ல நிறுவனமாயின் நல்ல விதிகள் இருக்கும். திட்டம் முடிந்து, நிதி முடிந்து, பெயர்ப்பலகையும் கழற்றப்பட்டுவிட்டால் முறைப்பாட்டைக் கேட்பதற்கும் யாரும் இருக்கமாட்டார்கள். எமது கோப்புகள் எங்கே போயின என்பதும் தெரியாது.

மற்றைய நாடுகளிலும் சமூகப் பணி பிந்தியே வந்தது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2001இல்தான் சமூகப் பராமரிப்புக்கான சபை உருவானது. 2005 ஏப்ரலிலிருந்து பதிவு பெறாத எவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்வது குற்றமானது. தாதியர் சட்டத்துக்கும் இதற்கும் இடையே எண்பது வருடங்களுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அதன் பிறகும் நிலைத்து நிற்கவில்லை. 2012இல் அந்தச் சபை மூடப்பட்டு, வேறு பல சுகாதாரத் தொழில்களோடு ஒரே சபையில் சேர்க்கப்பட்டது. 2019 டிசெம்பரில் மீண்டும் சமூகப் பணிக்கென்றே தனிச் சபை உருவாக்கப்பட்டது.

ஆசியாவில் முன்னே சென்ற நாடு பிலிப்பைன்ஸ். அங்கு தாதியருக்கான சட்டம் 1919இல் வந்தது. சமூகப் பணியாளருக்கு 1965இலேயே சட்டம் வந்தது. பரீட்சையில் தேறி அனுமதி பெற்ற பின்னரே அங்கு ஒருவர் சமூகப் பணியாளராக வேலை செய்யலாம். புயலும் வறுமையும் உள்நாட்டுச் சண்டையும் கண்ட நாடு அது. பணக்கார நாடுகளால் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் பிலிப்பைன்ஸைச் சொல்லுங்கள்.

ஏன் இந்த வித்தியாசம்?

முதலாவது காரணம், தாதியின் தவறு கண்ணுக்குத் தெரியும். மருந்து மாறினால் அன்றே தெரியும், காயம் சீழ்பிடித்தால் மறுநாள் தெரியும். சமூகப் பணியாளரின் தவறு மெதுவாகத்தான் வெளிவரும். வெளியே சொல்லக்கூடாத ஒன்று ஊருக்குள் பரவும். அவசரப்பட்டு இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளை பத்து வருடங்களின் பின் தாயை யாரென்று கேட்கும். அப்போது எழுதியவர் எங்கே?

இரண்டாவது, தாதி வாட்டில் நாலு பேர் பார்க்க வேலை செய்கிறார். அவருக்கு மேலே பெரிய மிஸி, அதற்கு மேலே வைத்தியர். சமூகப் பணியாளர் பெரும்பாலும் தனியாக, நாலு சுவருக்குள், அழுகின்ற ஒரு பெண்ணின் முன்னால் அமர்ந்திருக்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் வேலைக்கே கூடுதல் கண்காணிப்பு வேண்டும். நடைமுறையில் நடந்ததோ தலைகீழ்.

மூன்றாவது, சமூகப் பணி என்றால் எது என்று வரையறுப்பது கடினம். ஊசி போடுவது தாதியின் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆறுதல் சொல்வது யாருடைய வேலை? அயல்வீட்டு அக்காவும் சொல்வார், கோயில் ஐயரும் பாதிரியாரும் சொல்வார்கள். "மனமிருந்தால் போதும், யாரும் செய்யலாம்" என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழமாக உள்ளது. தாதியரைப் பற்றியும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள் என்பதை மறக்கக்கூடாது.

பதிவு பெற்றவர் தொடர்ந்து என்ன செய்ய வேண்டும்?

பிரித்தானியாவில் தாதி ஒருவர் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை தமது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த மூன்று வருடங்களில் 450 மணித்தியாலங்கள் தொழில் செய்திருக்க வேண்டும், 35 மணித்தியாலங்கள் கற்றிருக்க வேண்டும். நோயாளரும் சக ஊழியரும் தம்மைப் பற்றிச் சொன்ன கருத்துகளில் ஐந்தைச் சமர்ப்பிக்க வேண்டும். தமது வேலையைத் தாமே திரும்பிப் பார்த்து ஐந்து குறிப்புகள் எழுதவும் வேண்டும். 2016 முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் சமூகப் பணியாளர் வருடந்தோறும் புதுப்பிக்கிறார். அந்த வருடத்தில் கற்றதையும், அதைச் சக ஊழியர் ஒருவரோடு சேர்ந்து ஆராய்ந்ததையும் பதிவு செய்ய வேண்டும்.

இன்னொரு வேடிக்கையான வித்தியாசமும் உண்டு. அங்கு "சமூகப் பணியாளர்" என்ற பெயரையே சட்டம் காக்கிறது. ஆனால் தாதியர் விடயத்தில் "பதிவுபெற்ற தாதி" என்ற முழுப்பெயரையே சட்டம் காத்து வந்தது, "தாதி" என்ற தனிச்சொல்லை அல்ல. தாதியர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். அந்தத் தனிச்சொல்லையும் சட்டத்தால் காப்பதாக அரசாங்கம் 2025இல்தான் அறிவித்தது. நூறு வருடம் முந்தி வந்தவர்கள் ஒரு சொல்லில் பிந்திவிட்டனர்.

பதிவு இருந்தால் எல்லாம் சரியா?

இல்லை. உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1991இல் சிறுவர் வாட்டில் வேலை செய்த பெவர்லி அலிட் என்ற தாதி நான்கு பிள்ளைகளைக் கொலை செய்தார். 1993இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவரது பெயரும் பதிவேட்டில் இருந்ததுதான்.

எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே லண்டனில் தனது பெரிய பாட்டியாலும் அவரது துணைவராலும் வதைக்கப்பட்டு 2000 பெப்ரவரியில் இறந்தாள். சமூகப் பணியாளர், பொலிஸார், வைத்தியர், தாதியர் என்று பலரும் அவளைக் கண்டிருந்தனர். அவளைக் காப்பாற்றக் குறைந்தது பன்னிரண்டு சந்தர்ப்பங்கள் இருந்தன என்று 2003இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அப்போது சமூகப் பணியாளருக்குப் பதிவேடு இருக்கவில்லை. ஆனால் பதிவேடு இருந்த தொழில்களும் அவளைக் கைவிட்டன. ஆட்பற்றாக்குறை, மேற்பார்வை இன்மை, ஒருவர் அறிந்ததை மற்றவருக்குச் சொல்லாமை என்பவற்றைப் பதிவேடு மட்டும் தீர்க்காது.

சபைகளும் தவறும். பிரித்தானியத் தாதியர் சபைக்குள்ளேயே இனப்பாகுபாடும் மிரட்டலும் இருந்ததாகவும், முறைப்பாடுகள் தேங்கிக் கிடந்ததாகவும் 2024இல் ஒரு சுயாதீன ஆய்வு வெளிப்படுத்தியது. ஆகவே காவலரையும் கேள்வி கேட்க வேண்டியுள்ளது.

எமது பெண்களை வெளியே தள்ளிவிடுமா?

எம்மிற் பலருக்கு உண்மையான ஒரு பயம் உண்டு. இடம்பெயர்ந்த முகாம்களில் முதலில் ஓடிவந்து கைபிடித்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அதே கூடாரவரிசையில் இருந்த இன்னொரு விதவைதான் வந்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிதான் வந்தார். நாளைக்குப் பதிவு, பரீட்சை, சான்றிதழ் என்று சட்டம் வந்தால் இவர்கள் என்ன ஆவார்கள்? சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, யுத்தத்தையே பள்ளிக்கூடமாகக் கொண்டு பத்து வருடம் பெண்களோடு வேலை செய்தவரை "நீங்கள் தகுதியில்லை" என்று அனுப்பிவிடுவார்களா?

இதற்கும் வரலாற்றில் ஒரு வழி இருக்கிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்னரே மூன்று வருடங்களுக்குக் குறையாமல் நேர்மையாகத் தாதி வேலை செய்து வந்தவர்களும் பதிவேட்டில் சேர்வதற்கு இடமளிக்கப்பட்டது. புதிதாக வருவோருக்குப் பரீட்சை, ஏற்கெனவே இருப்போருக்கு அனுபவம் என்று இரண்டு வாசல்கள் குறிப்பிட்ட காலத்துக்குத் திறந்திருந்தன. எமது நாட்டில் சமூகப் பணிக்கான பதிவு பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது வாசலை நாம் கேட்டுப்பெற வேண்டும். தமிழ்மொழியில் பயிற்சி, தமிழ்மொழியில் பரீட்சை, தமிழ்மொழியில் முறைப்பாடு செய்யும் வசதி என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். கொழும்புக்குச் சென்று விளங்காத மொழியில் படிவம் நிரப்பித்தான் முறையிடலாம் என்றால், அந்தச் சபை எமக்கு இருந்தும் இல்லாததே. சபையில் தொழில் செய்வோர் மட்டுமன்றி, சேவையைப் பெற்ற பெண்களும் அமர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வருபவரை மரியாதையோடு வரவேற்று, தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல. நல்ல பணியாளர் இவற்றை விரும்பியே பதிலளிப்பார்.

• உங்கள் பெயர் என்ன, எந்த நிறுவனம், அடையாள அட்டையைக் காட்ட முடியுமா?

• என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்?

• நான் சொல்வதை யார் யார் வாசிப்பார்கள்? எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா?

• நான் சொல்ல விரும்பாததைச் சொல்லாமல் விட்டால் எனக்குரிய உதவி நின்றுவிடுமா?

• படம் எடுப்பதாயின் எதற்காக? எங்கே வெளிவரும்? வேண்டாம் என்று நான் பிறகு சொன்னால் அழிப்பீர்களா?

• உங்களைப் பற்றி முறைப்பாடு இருந்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்? அவரது தொலைபேசி இலக்கம் என்ன?

பதில்களை ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வையுங்கள். அந்தக் கொப்பி உங்கள் சொந்தப் பதிவேடு. விளங்காத மொழியில் உள்ள எந்தப் படிவத்திலும் கையொப்பம் இடாதீர்கள். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது போன்ற விடயங்களைத் திண்ணையில் வைத்து முடிவு செய்யக்கூடாது. அது நன்னடத்தை உத்தியோகத்தரும் நீதிமன்றமும் சம்பந்தப்பட்ட விடயம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும், பெண்களுக்கான உதவிக்கு 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அரச உத்தியோகத்தர் பற்றிய முறைப்பாட்டைப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வாறே வைத்தியசாலையிலும் வெள்ளை உடுப்பு அணிந்த எல்லோரும் பதிவு பெற்ற தாதியர் என்று எண்ணிவிடாதீர்கள். தனியார் இடங்களில் உதவியாளர்களும் இருப்பார்கள். "நீங்கள் பதிவு பெற்ற தாதியா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பொலித்தீன் பையைத் திரும்பக் கட்டும்போது அந்தத் தாய் கார்டுகளை எறியவில்லை. "ஒருநாள் ஆரும் கேட்டா காட்டலாமெல்லோ" என்றார். அவர் இத்தனை வருடமும் வந்தவர்களின் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்தப் பெயர்களுக்கு ஒரு பதிவேடும், அந்தப் பதிவேட்டுக்கு ஒரு பொறுப்பும் வேண்டும். இதை அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு விடயமாக எடுத்துக் கதையுங்கள். தாதியருக்கு அதைப் பெற முப்பது வருடங்கள் எடுத்தன. ஆனால் யாரோ ஒரு பெண் முதல்நாள் கேட்டபடியால்தான் அது வந்தது.